மாப்பிள்ளை மாதிரி உட்காருங்க

சபாபதி இரண்டு சாக்கு இலையை வாசலில் கொட்டிப் பரப்பிவிட்டு, கால் கழுவ வீட்டுக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது வாசல் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. பேருக்குக்கூட ஓர் இலை இல்லை. வேலி ஓரத்தில் மட்டும் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"புஷ்பா! இலை எங்க?"

"எந்த இலை?"

"இப்பக் கொட்டினேனே, ரெண்டு சாக்கு!"

புஷ்பவள்ளி தன் கையில் இருந்த விளக்குமாற்றைப் பார்த்தாள். யாரோ வந்து அதை அவள் கையில் சொருகிவிட்டு ஓடிப்போன மாதிரி அவள் முகம் மாறியது.

"ஐயோ... கூட்டிட்டேங்க."

"கூட்டிட்டியா?"

"கூட்டி எரிச்சும் விட்டுட்டேன்."

"நீதானடி இலை வேணும்னு கேட்ட!"

"கேட்டேன்தான். கண்ணு பாத்துச்சு, கை கூட்டிருச்சு. நான் என்ன பண்றது?"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு லெட்சுமணனின் தலை எழும்பியது. லாரி ஓட்டுகிறவன். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்கும் தோட்டத்துக்குமாக ஓடுகிற பிழைப்பு. அன்றைக்கு அவனுக்கு லீவு.

"அண்ணே, என்னத்தக் கொளுத்துறீங்க? காயப்போட்ட சட்டையெல்லாம் புகை வாடை அடிக்குது."

"உங்க வீட்டு ரம்புத்தான் இலைதான்டா."

"எங்க இலையை வாங்கிட்டுப் போயி எங்களுக்கே புகை போடுறீங்களா? நல்லா இருக்குண்ணே நியாயம்."

சபாபதி வாசல்படியில் உட்கார்ந்தார். நாள் முழுக்க நீளக் கழியில் கட்டிய அரிவாளைத் தூக்கிப் பிடித்துச் செம்பனைக் குலை வெட்டுகிற உடம்பு. இலை பொறுக்கக் குனிந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. அண்ணாந்து பார்த்தே பழகிய ஆளைக் குனியச் சொன்னால் உடம்பு கேட்குமா?

இத்தனைக்கும் காரணம் ஒரு படம்.

தைப்பூசம் முடிந்த மறு வாரம் மகள் ஷர்மினி அந்தப் படத்தைப் போனுக்கு அனுப்பியிருந்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால், கல்யாணம் ஆன கையோடு மாப்பிள்ளை ரூபேந்திரனுடன் இங்கிலாந்து போனவள். அவள் இருக்கிற ஊரின் பெயர் சபாபதியின் நாக்கில் நிற்காது. அதனால் எல்லாரிடமும் லண்டன் என்றே சொல்லிவைத்தார். சிம்பாங் ரெங்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அவருக்கு இப்போது பெயரே 'லண்டன் அப்பா'தான். தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணிகூட "என்ன லண்டன், இன்னைக்கு எத்தனை குலை?" என்றுதான் கேட்பார். முதலில் கிண்டலாக ஆரம்பித்தது. அவருக்கு அது பிடித்துப்போனது.

படத்தில் மூவரும் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பாயைச் சுற்றி எங்கே பார்த்தாலும் இலை. செம்பும் மஞ்சளுமாகக் காய்ந்த இலை. பேத்தி மலர் இரண்டு கையிலும் இலையை அள்ளி மேலே வீசிக்கொண்டிருந்தாள். ஷர்மினி வாய் கொள்ளாமல் சிரித்தாள். மாப்பிள்ளை மட்டும் ஒரு கையை ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தார். பின்னால் ஏதோ மரங்கள். சபாபதியின் போனில் கண்ணாடி உடைந்த கோடு சரியாக அந்த இடத்தில்தான் ஓடியது. மரம் எது, மாடு எது என்று தெரியாது.

படத்தோடு குரலும் வந்திருந்தது.

"ப்பா, இங்க இலை உதிர்ற காலம். வீட்டுக்குப் பின்னால சும்மா ரிலாக்ஸா உட்கார்ந்து எடுத்தோம். நீங்களும் அம்மாவும் இதே மாதிரி ஒண்ணு எடுத்து அனுப்புங்கப்பா. ஐசி கார்டுக்குப் படம் எடுக்குற மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்காதீங்க. ரிலாக்ஸா இருக்கணும், சொல்லிட்டேன்."

அவள் குரலுக்குப் பின்னால் மலரின் குரல் கீச்சென்று கேட்டது. "அலமாக்! இலை காதுக்குள்ள போயிருச்சும்மா!"

"பாத்தீங்களா?" என்று புஷ்பவள்ளி பூரித்துப்போனாள். "லண்டன்ல பொறந்த புள்ள, ஐயோங்காம நம்மள மாதிரி அலமாக்குங்குது. ஷர்மினி எப்படி வளர்த்திருக்கா பாருங்க. நம்ம ஊரை விட்டுக்கொடுக்கல."

அந்தப் பிள்ளையை அவர்கள் இன்னும் கையில் தூக்கியதில்லை. புஷ்பம் என்கிற பெயரையே தமிழாக்கி மலர் என்று வைத்தாள் ஷர்மினி. அந்தப் பெயரைத் தவிரப் பிள்ளையிடம் புஷ்பவள்ளிக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது. போனில் முகம் பார்ப்பதும் கொஞ்ச மாதமாக இல்லை. லைன் சரியில்லை என்று குரல் மட்டும்தான்.

அன்று முழுவதும் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துவிட்டு, சோறு போடும்போது புஷ்பவள்ளி சொன்னாள்.

"ஏங்க, இதை அச்சுப் போட்டுடலாமா?"

"போடலாம்."

"நாமளும் இதே மாதிரி எடுத்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி, ஒரே சட்டத்துல போட்டா?"

"போட்டா என்ன?"

"அவங்க பாயும் நம்ம பாயும் ஒண்ணாத் தெரியும்ல. ஒரே வாசல்ல அஞ்சு பேரும் உட்கார்ந்திருக்குற மாதிரி இருக்கும்." குழம்பை ஊற்றினாள். "ஆனா கீழ இலை இருக்கணும். அங்க இலை, இங்க சிமெண்டுன்னா ஒட்டுப்போட்டது தெரிஞ்சுடும்."

சபாபதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பெண்சாதி அவரிடம் நகை கேட்டதில்லை, நாடு சுற்றிப் பார்க்கக் கேட்டதில்லை. கேட்டது குப்பை.

"இலைதானே? ஆச்சு, விடு," என்றார்.

வாசலில் ஓர் இலை விழுந்தால் அது தரையைத் தொடுவதற்குள் ஓடிப்போய்ப் பொறுக்குகிற பெண்சாதியை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போதுதான் புரிந்தது.

வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு கதை முழுவதையும் கேட்ட லெட்சுமணன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, என் அக்கா மகன் அங்கதான் படிக்கிறான். இப்ப பனி கொட்டுது, வெளிய தலை காட்ட முடியலன்னு சொன்னானே. இது என்ன இலை கொட்டுதுங்குறீங்க?"

"அது வேற லண்டன்."

"எத்தனை லண்டன்ணே இருக்கு?"

"ஏன்டா, கோத்தா திங்கியில வெள்ளம் வந்து சனமெல்லாம் பள்ளிக்கூடத்துல படுத்துக் கிடந்தப்போ, நம்ம சிம்பாங்ல தூசி பறக்கல? அந்த மாதிரிதான். ஒரு பக்கம் பனி, ஒரு பக்கம் இலை. பெரிய ஊருடா அது."

லெட்சுமணனுக்கு அது சரியாகத்தான் பட்டது. "சரிண்ணே. இலை கொண்டாங்க, நான் எடுத்துத் தர்றேன். என் போன்ல கொசுவை எடுத்தாக்கூட மீசை தெரியும்," என்றான்.

மறுநாள் வேலை விட்டு வரும்போது சபாபதி திடல் ஓரத்தில் நின்ற பெரிய வாதா மரத்தைப் பார்த்தார். அடியில் ஒரே சிவப்பு. மூன்று சாக்கு அள்ளினார். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக விளக்குமாற்றை எடுத்து லெட்சுமணன் வீட்டில் அடைக்கலம் கொடுத்தார். பிறகுதான் சாக்கை அவிழ்த்தார்.

புஷ்பவள்ளி படியில் உட்கார்ந்து இலையைப் பார்த்தாள். அவள் வலது கை மடியில் கிடந்தபடியே இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.

"கையை நிறுத்து."

"நான் ஆட்டலீங்க. அதுவா ஆடுது."

பாயை விரித்து உட்கார்ந்தார்கள். லெட்சுமணன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

"அண்ணே, தாடையை எறக்குங்க. ஏன் வானத்தைப் பாக்குறீங்க?"

"எறக்கித்தான் வச்சிருக்கேன்."

"இதுவா எறக்கினது? மேல ஏதோ குலை தொங்குற மாதிரி பாக்குறீங்க. சிரிங்கண்ணே."

சபாபதி சிரித்தார்.

"வேணாம்ணே, சிரிக்காதீங்க. பல்லு புடுங்கப் போன மாதிரி இருக்கு. சும்மா ரிலாக்ஸா இருங்க."

"எப்படிடா இருக்குறது அது?"

அதுதான் அவருக்குத் தெரியவில்லை. வேலை செய்யத் தெரியும். அசந்தால் தூங்கத் தெரியும். வேலையும் இல்லாமல் தூக்கமும் இல்லாமல் நடுவில் சும்மா இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

"மாப்பிள்ளையைப் பாருங்க," என்று புஷ்பவள்ளி போனை நீட்டினாள். "எப்படி அலட்டிக்காம சாய்ஞ்சிருக்காரு. அதுதான் ரிலாக்ஸ். மாப்பிள்ளை மாதிரி உட்காருங்க."

சபாபதி ஒரு கையை ஊன்றிச் சாய்ந்தார். பாதி வெட்டின மரம் விழ மாட்டேன் என்று நிற்கிற மாதிரி இருந்தது.

"இன்னும் கொஞ்சம்ணே... இன்னும் கொஞ்சம்... இப்ப அப்படியே லேசா..."

அந்த நேரத்தில்தான் இலையோடு சாக்கில் வந்த சிவப்பெறும்புகள் கைலிக்குள் வழி கண்டுபிடித்தன.

லெட்சுமணன் எடுத்த படம் மிகத் தெளிவாக வந்தது. கொசுவுக்கு மீசை தெரிகிற போன் அல்லவா? அதில் சபாபதியின் இரண்டு காலும் தரையில் இல்லை. கைலி ஒரு கையில் இருந்தது. நல்ல வேளை, உள்ளே அரைக்கால் சிலுவார் போட்டிருந்தார். பக்கத்தில் புஷ்பவள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணி நல்லா ரிலாக்ஸா விழுந்திருக்காங்க," என்றான் லெட்சுமணன்.

"அழிடா அதை!"

"அழிக்கிறேண்ணே, அழிக்கிறேன்."

அவன் பதற்றத்தில் எதையோ அழுத்தினான். அது அழிகிற பொத்தான் இல்லை. படம் நேராகத் தாமான் குடியிருப்புக்காரர்களின் வாட்சப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் தேத்தண்ணிக் கடையில் சபாபதி நுழைந்ததும் நான்கு பேர் ஒரே நேரத்தில் தொடையைச் சொறிந்தார்கள்.

"லண்டன்ல எறும்பு சாஸ்தியோ?" என்று கேட்டார் கடைக்காரர்.

அது போகட்டும். அதைவிடப் பெரிய சங்கடம் வீட்டில் காத்திருந்தது. புஷ்பவள்ளி இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எறும்பு இல்லாட்டியும் இது ஆகாதுங்க. நம்ம இலை ஒண்ணொண்ணும் சோறு போட்டுச் சாப்பிடுற சைஸு. அங்க இருக்குறது சின்ன இலை. ஒட்டினா தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா தெரியட்டுமே."

"தெரிஞ்சா..." அவள் குனிந்தாள். வாதா இலைகளைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட ஆரம்பித்தாள். "தெரிஞ்சா, அது ரெண்டு படம்ங்க. ஒரே படம் இல்ல."

சபாபதி உட்கார்ந்து அவளோடு சேர்ந்து பொறுக்கினார். செம்பனையில் உதிர்கிற இலை கிடையாது. மட்டையை வெட்டினால்தான் விழும். விழுந்தால் ஆளைச் சாய்க்கும். இந்த மாதத்தில் தானாக இலை கொட்டுகிற மரம் இந்தப் பக்கத்தில் ஒன்றுதான் உண்டு. பால்மரம், அதாவது ரப்பர். அதைத்தான் எல்லாரும் வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை வைத்துவிட்டார்களே என்று யோசித்தபோது ராசம்மாவின் ஞாபகம் வந்தது.

ரெங்கத்துக்குப் போகிற சாலையில் உள்ளே தள்ளி, ராசம்மா அக்காவின் இரண்டு ஏக்கர் பால்மரம் இன்னும் நிற்கிறது. "நான் கண்ணை மூடினப்புறம் எதை வேணா நடுங்க," என்று மகன்களிடம் சொல்லிவிட்ட மனுஷி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சபாபதி மோட்டார்சைக்கிளில் நான்கு காலிச் சாக்கோடு போனார். யாரையும் கூப்பிடவில்லை. லெட்சுமணன் வந்தால் போனும் வரும். போன் வந்தால் குழுவும் வரும்.

தோட்டத்துக்குள் கால் வைத்ததும் சரசரவென்று சத்தம். மேலே மரங்கள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. காற்று வரும்போதெல்லாம் இலைகள் சுற்றிச் சுற்றி இறங்கின. செம்பும் மஞ்சளும். சபாபதி சாக்கைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா நின்றார்.

ஷர்மினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தச் சத்தத்துக்காகவே பள்ளிக்கூடச் சப்பாத்தைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாள். சப்பாத்து தேயுது என்று திட்டுவார். திட்டியும் நிறுத்த மாட்டாள்.

போன வருடக் கடைசியில் ஒரு நாள் போனில் அவள் சம்பந்தமில்லாமல் கேட்டாள். "ப்பா, நாங்க ஒரேயடியா திரும்பி வந்துட்டா என்னப்பா சொல்வீங்க?" அப்போது அவர் தேத்தண்ணிக் கடையில் இருந்தார். சுற்றிலும் ஆட்கள். "ஏம்மா வரணும்? ஊரே என்னை லண்டன் அப்பான்னு கூப்பிடுது. வந்து என் பேரைக் கெடுத்துராத தாயே!" என்று சத்தமாகச் சிரித்துச் சொன்னார். கடையும் சிரித்தது. ஷர்மினியும் சிரித்தாள் என்றுதான் நினைத்தார். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, அவள் சிரித்தாளா இல்லையா என்று யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டது. 'வாம்மா' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரு வாய் தேத்தண்ணி விழுங்குகிற நேரம்கூட ஆகாது.

"யாருய்யா அது, ஒட்டுப்பால் திருட வந்தவனா?"

ராசம்மா தடியோடு வந்தாள். சபாபதி கும்பிட்டார்.

"அக்கா, நான்தான் சபாபதி. இலை கொஞ்சம் அள்ளிக்கவா?"

"எதை?"

"இலைக்கா. கீழ கிடக்குற இலை."

ராசம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உடம்பு கிடம்பு சரியில்லையா தம்பி?"

"படம் புடிக்கக்கா. வாசல்ல பரப்பிப் படம் புடிக்க."

"அட கடவுளே! நாப்பது வருஷமா இந்த இலையில வழுக்கி விழுந்திருக்கேன், ஒரு நாயி திரும்பிப் பாக்கல. இப்ப என்னடான்னா ஆளாளுக்குப் படம் புடிக்குறேன்னு வர்றீங்க. போன வாரங்கூட..." என்றவள் சட்டென்று அவருக்குப் பின்னால் பார்த்தாள். குரல் மாறியது. "தம்பி, திரும்பாத. ஓடாத. அப்படியே நில்லு."

"என்னக்கா?"

"கங்காணி வருது."

கங்காணி என்பது ராசம்மா வளர்த்த பெரிய வெள்ளை வாத்து. அங்சா என்று இங்கே சொல்வார்களே, கழுத்து நீளமாக, நாயைவிட மோசமாகக் காவல் காக்குமே, அந்தச் சாதி. கழுத்தை நீட்டிக்கொண்டு ஆள் பின்னாலேயே நடந்து வேலையை மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு அந்தப் பெயர் வைத்திருந்தாள்.

சபாபதிக்கு நிற்கத்தான் எண்ணம். ஆனால் காலம் முழுவதும் கங்காணி வருது என்றால் ஓடியே பழகிய கால்கள் ஓடிவிட்டன. குனிந்து சாக்கை எடுத்த அந்த ஒரு விநாடி போதுமாக இருந்தது கங்காணிக்கு. பின்பக்கம், இடது பக்கம், நல்ல சதைப் பிடிப்பான இடமாகப் பார்த்துக் கவ்வியது. கவ்வியதோடு விடாமல் திருகவும் செய்தது.

"சொன்னேனே நில்லுன்னு!" என்று ராசம்மா தடியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். "ஓடினா அதுக்குக் கோவம் வரும். மஞ்சள் அரைச்சுத் தரவா?"

"வேணாங்க்கா," என்று பல்லைக் கடித்தார் சபாபதி. "யாருகிட்டயும் மட்டும் சொல்லிடாதீங்க."

வாத்து கடித்தது என்று தாமானில் தெரிந்தால் அதன் பிறகு அந்த ஊரில் இருக்க முடியாது. எறும்புக்கே நான்கு நாள் சொறிந்தார்கள். ராசம்மா வாத்தைக் கூட்டில் அடைத்த பிறகு நான்கு சாக்கையும் நிரப்பிக்கொண்டு கிளம்பினார். மோட்டார்சைக்கிளில் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தார். எதிரே வந்த லாரிக்காரன் மரியாதைக்கு என்று நினைத்துக் கையை ஆட்டிவிட்டுப் போனான்.

"என்னங்க ஒரு மாதிரி நடக்குறீங்க?" என்றாள் புஷ்பவள்ளி.

"முதுகு புடிச்சுக்கிச்சு. ஒண்ணும் கேக்காத. லெட்சுமணனைக் கூப்பிடு. மானம் கறுக்குது, மழை வரும் முன்ன எடுத்துடணும்."

இலை வாசல் முழுக்கப் பரவியது. புஷ்பவள்ளி கண்ணை மூடிக்கொண்டுதான் அதன்மேல் நடந்து வந்தாள். மகள் கல்யாணத்துக்குக் கட்டிய பச்சைச் சேலை. தலையில் பூ. பாயில் உட்கார்ந்தவள், கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, கையை முன்னால வைங்க."

"இப்படியே இருக்கட்டும் தம்பி. முன்னால வந்தா அது சொன்னபடி கேக்காது."

சபாபதி மெல்லக் குனிந்து, மெல்ல உட்காரப் பார்த்தார். இடது பக்கம் தரையில் பட்டதும் உயிர் போனது. சட்டென்று வலது பக்கமாகச் சாய்ந்து, வலது கையை ஊன்றி, இடது பக்கத்தைக் காற்றில் விட்டார். அப்பாடா என்றிருந்தது. வலி விட்ட நிம்மதியில் தாடை இறங்கியது. தோள் தளர்ந்தது. பக்கத்தில் திரும்பிப் புஷ்பவள்ளியைப் பார்த்தார். அவள் இலை நடுவில் பூ வைத்துக்கொண்டு, அழுக்கைப் பார்த்துக் கண் கலங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சிரிப்பு வந்தது.

"அண்ணே! அதேதான்! அசையாதீங்க!" லெட்சுமணன் குதித்தான். "அப்படியே மாப்பிள்ளை! அச்சுல வார்த்த மாதிரி மாப்பிள்ளை மாதிரியே உட்கார்ந்துட்டீங்கண்ணே! எங்க கத்துக்கிட்டீங்க?"

"எடுத்துத் தொலைடா."

எடுத்தான். எடுத்து முடித்ததும் முதல் துளி விழுந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். லெட்சுமணன் தன் போனில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இப்படித் தள்ளி, அப்படி இழுத்து, ஒன்றாக்கிக் காட்டினான்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

ஒட்டின இடம் எது என்று தெரியவில்லை. அங்கே விழுந்த இலை இங்கேயும் விழுந்திருந்தது. மலர் வீசிய இலைதான் புஷ்பவள்ளியின் மடியில் வந்து இறங்கிய மாதிரி இருந்தது. ஒரு கோடியில் மாப்பிள்ளை, மறு கோடியில் மாமனார், இரண்டு பேரும் ஒரே மாதிரி சாய்ந்து. நடுவில் ஆயாவும் மகளும் பேத்தியும்.

"என்னண்ணே இது?" என்றான் லெட்சுமணன். "லண்டன் இலையும் ரெங்கத்து இலையும் ஒண்ணாவே இருக்கு. நரம்புகூட ஒத்துப்போகுது."

"இலைக்கு ஊரு பேரா தெரியும்?" என்றார் சபாபதி பெருமையோடு.

"அண்ணி, உங்க முதுகுக்குப் பின்னால ஏதோ நீட்டிக்கிட்டு இருக்கே, என்ன அது?"

புஷ்பவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். விளக்குமாறு. அடைக்கலம் கொடுத்த இடத்திலிருந்து எப்போது மீட்டு வந்தாளோ தெரியாது.

லெட்சுமணன் தனிப் படத்தையும் சேர்ந்த படத்தையும் ஷர்மினிக்கு அனுப்பிவிட்டு, மழையில் தலையை மூடிக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினான். மழை வலுத்தது. வாசலில் இலைகள் நனைந்து தரையோடு ஒட்டிக் கிடந்தன. புஷ்பவள்ளி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். விளக்குமாறு பக்கத்தில்தான் சாய்ந்திருந்தது.

"கூட்டலையா?" என்றார் சபாபதி.

"கிடக்கட்டும். அவங்க வந்துட்டுப் போன மாதிரி இருக்கு."

போன் அடித்தது. ஷர்மினிதான். சபாபதி சுவரோரம் நின்றபடியே ஸ்பீக்கரில் போட்டார்.

"ப்பா..." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் தகரத்தில் அடிக்கிற மாதிரி மழைச் சத்தம்.

"அங்கயும் மழையாம்மா?"

"ஆமாப்பா. நல்ல மழை."

இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் மழை பெய்கிறது என்பதில் அவருக்கு என்னவோ ஓர் ஆறுதல். புஷ்பவள்ளி போனுக்குக் கிட்டே வந்தாள்.

"ஏம்மா அழுவுற? படம் நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கும்மா. முதுகுக்குப் பின்னால விளக்குமாத்தை ஒளிச்சு வச்சிருக்கீங்களே, அதைப் பாத்துட்டுத்தான்..." சிரித்தாள். அழுதாள். இரண்டும் ஒன்றாக வந்தது. "வாசல்ல குப்பை போட விட்டிருக்கீங்க. எனக்காகவாம்மா?"

"பின்ன யாருக்காக?"

சபாபதி போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். கடையில் சொல்லாமல் விட்ட 'வாம்மா' இத்தனை நாளாக உள்ளேயே உட்கார்ந்திருந்தது. இங்கே கடை இல்லை, ஆட்கள் இல்லை. இப்போது சொல்லிவிட வேண்டும்.

"ஷர்மினி, அன்னைக்கு நீ கேட்டியேம்மா, திரும்பி வந்துட்டா என்ன சொல்வீங்கன்னு. அப்பா ஏதோ கூறுகெட்டுச் சொல்லிட்டேன். ஊரு என்ன பேரு வேணா வைக்கட்டும். நீ வாம்மா. எப்ப வேணா வா. எவ்வளவு தூரமா இருந்தா என்ன?"

அந்தப் பக்கம் மழை மட்டும் கேட்டது.

"ப்பா," என்றாள் ஷர்மினி. குரல் வெகு சின்னதாகிவிட்டது. "அந்த இலையெல்லாம்... எங்கருந்துப்பா எடுத்தீங்க?"

அவர் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், அந்தப் பக்கம் போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. "மலர், குடு! மலர்!" என்று ஷர்மினி பதறினாள். அதற்கு மேல், மூச்சு வாங்கிக்கொண்டு, அவர்கள் இன்னும் தூக்கிப் பார்க்காத பேத்தியின் குரல்.

"தாத்தா, நீங்களும் எங்கப்பா மாதிரியே உட்கார்ந்திருக்கீங்க! உங்களையும் அந்தக் கங்காணி கடிச்சிருச்சா?"